முதலில் ஒரு ஏரியைப் பிடியுங்கள்

மார்ச் மாதம் பிறந்தால் போதும், புவியியல் படிக்கிற பிள்ளைகளும் சுற்றுச்சூழல் திட்டமிடல் படிக்கிற பிள்ளைகளும் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். "ஐயா, இன்டர்ன்ஷிப்புக்கு எந்த ஆபீஸில் கேட்கலாம்?" சிலர் சார் என்பார்கள், உரிமையுள்ள ஒன்றிரண்டு பேர் தாத்தா என்பார்கள், கேள்வி மட்டும் மாறுவதில்லை. நகர் ஊரமைப்பு வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன் சொன்னால் எந்த அலுவலகக் கதவும் திறக்கும் என்று நினைக்கிறார்கள். திறக்காது. திறப்பதாகவே வைத்துக்கொண்டாலும் அதற்கு முன்னால் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. உன் ஏரி எது?

ஏரி என்றால் ஏரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காவிரியின் ஒரு கிளை வாய்க்காலாக இருக்கட்டும். எண்ணூர்க் கழிமுகத்தின் ஒரு கரையாக இருக்கட்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு சோலையும் அதை ஒட்டிய தேயிலைத் தோட்டமுமாக இருக்கட்டும். திருப்பூரில் நொய்யலோரம் நான்கு தெருவானாலும் சரி. காலால் நடந்து சுற்றி வரக்கூடிய அளவில் இருக்க வேண்டும். படிப்பு முடியும்வரை திரும்பத் திரும்பப் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். இடத்தை முதலில் பிடித்துக்கொண்டால், எந்த அலுவலகத்தில் பயிற்சி கேட்பது, எந்தக் கருத்தரங்குக்குப் போவது, எதை ஒதுக்குவது எல்லாம் அதிலிருந்து பிடிபடும். இடமில்லாமல் அலுவலகம் தேடுகிறவர்கள் கிடைத்த இடத்தில் சேர்ந்து, கொடுத்த வேலையைச் செய்து, ஒரு சான்றிதழோடு வீடு திரும்புகிறார்கள். படிப்பு முடிவதற்குள் நாலைந்து சான்றிதழ் சேர்ந்துவிடும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டு இருக்காது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நாள்காட்டி. நம் கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப் வருவது பெரும்பாலும் மே, ஜூனில். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஏரியை நிரப்புவதோ அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழை. மே மாதம் ஏரிக்குப் போனால் கண்ணில் படுவது என்ன? வெடித்த களிமண், சீமைக்கருவேலம், மேய்கிற ஆடு, ஒரு மூலையில் கிரிக்கெட். வரத்துக் கால்வாய் எங்கே என்று கேட்டால் புதர் மண்டிய ஒரு பள்ளத்தைக் கைகாட்டுவார்கள். நமக்கு நம்பிக்கை வராது. அந்த மாதத்துச் செயற்கைக்கோள் படத்தை எடுத்து நிலப்பயன்பாட்டு வரைபடம் போடச் சொன்னால், கணினி அந்த ஏரியைத் தரிசு என்றோ முட்காடு என்றோ வகைப்படுத்திவிடும். கணினியைக் குறை சொல்ல முடியாது. அதற்குக் காட்டியது அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் அதே கரையில் நின்று பாருங்கள். கலங்கல் வழிந்துகொண்டிருக்கும். கீழ் ஏரிக்கு எந்த வழியாகத் தண்ணீர் போகிறது என்று தண்ணீரே காட்டிக்கொடுக்கும். எந்த மனைப்பிரிவின் மதில் குறுக்கே நிற்கிறது, எந்தச் சாலையின் சிறுபாலம் போதவில்லை, யார் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் ஏறுகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். மே மாதத்தை மட்டும் பார்த்தவர் எழுதுகிற அறிக்கை பாதி அறிக்கை. இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகும் நீங்கள் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நவம்பரில் எந்த அலுவலகமும் உங்களைக் கூப்பிடாது. ஏரி உங்களுடையதாக இருந்தால் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

மாணவர்கள் மட்டும்தான் இப்படி ஒரு பருவத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பெரிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளே பெரும்பாலும் மழைக்காலம் அல்லாத ஒரே பருவத்தின் தரவை வைத்து எழுதப்படுகின்றன. நடைமுறை அதை ஏற்றுக்கொள்கிறது. அதைவிடப் பழைய கதை பள்ளிக்கரணை. வருவாய்க் கணக்கில் அந்தச் சதுப்பு நிலம் நெடுங்காலம் ஒன்றுக்கும் உதவாத தரிசு. தரிசு என்று எழுதிய இடத்தில் எதை வைக்கவும் யாருக்கும் கை கூசாது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வந்தது, ரயில் பாதை வந்தது, சாலை வந்தது, ஐ.டி. கட்டடங்கள் வந்தன, ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களும் வந்தன. அங்கே மிச்சமிருப்பதைக் காப்பாற்றியது எது? கேர் எர்த் அறக்கட்டளை போன்ற அமைப்புகளும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களும் வருடக்கணக்கில் பறவையையும் செடியையும் தண்ணீர் நிற்கிற இடத்தையும் எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். 2007இல் 317 எக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டபோதும், 2022இல் பள்ளிக்கரணை சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியபோதும் அப்படிச் சேர்த்து வைத்த எழுத்துதான் பேசியது. ஒரு வேனில் வந்து ஒரு நாள் படம் எடுத்துப் போனவர்களால் அது நடந்திருக்காது.

மாணவர்கள் எழுதுவதற்கு என்ன மதிப்பு இருக்கப்போகிறது என்று சில பேர் கேட்பார்கள். அவர்களுக்கு நான் இருவேல்பட்டுக் கதையைச் சொல்வேன். 1915 இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற மாணவர்களின் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, உங்கள் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம் எவ்வளவு, என்ன பயிர், என்ன கூலி, எவ்வளவு கடன், என்ன பாசனம் என்கிற மாதிரிக் கேள்விகள்தான். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்ததைத் தொகுத்து 1918இல் நூலாக வெளியிட்டார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் எல்லாம் அதில் வந்த ஊர்கள்.

அதோடு முடியவில்லை. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குப் போய் மறுபடி எழுதினார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற பெண்மணி போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு இந்த நூற்றாண்டிலும் போயிருக்கிறார்கள். கிராமத்தில் நிலம் எப்படிக் கைமாறியது, யார் ஊரைவிட்டுப் போனார்கள், கூலி எப்படி மாறியது என்று நூறு வருடக் கணக்கைத் தொடர்ச்சியாகச் சொல்லக்கூடிய ஊர்கள் உலகத்திலேயே அதிகம் கிடையாது. அந்தத் தொடரின் முதல் கண்ணி, விடுமுறைக்கு வீட்டுக்குப் போன கல்லூரிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள். பின்னால் வந்த பேராசிரியர்கள் எல்லாம் அந்தப் பிள்ளைகளின் கணக்கில்தான் தங்கள் கணக்கை ஒப்பிட வேண்டியிருந்தது. 1930இல் பிரிட்டனில் டட்லி ஸ்டாம்ப் தொடங்கிய நிலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதே வகை. பள்ளிப் பிள்ளைகளும் மாணவர்களும் வயல் வயலாக நடந்து குறித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் எந்த நிலத்தில் உணவுப் பயிர் போடலாம் என்று பார்க்க அது பயன்பட்டது.

ஸ்லேட்டர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது, சொந்த ஊருக்கு அனுப்பியது. இன்றைக்கு இன்டர்ன்ஷிப் என்றாலே சென்னை, பெங்களூரு, டெல்லி என்று ஆகிவிட்டது. சம்பளம் இல்லாத இடம்தான் அதிகம். சென்னையில் அத்தை வீடு இருக்கிற பிள்ளைக்கு அது முடியும். அரியலூரிலிருந்தோ கமுதியிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு விடுதிப் பணமும் சாப்பாட்டுப் பணமும் யார் கொடுப்பார்கள்? அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வேன்: சென்னைப் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாயின் மடை எது, யார் வயலுக்கு முதலில் தண்ணீர் பாயும், எந்த வருடம் கரை உடைந்தது என்று சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்கள். இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. மாவட்டத் தலைநகரத்து அலுவலகம் ஒன்றில் காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்புகிற பயிற்சியைக் கேளுங்கள். பெயர் பெரிதாக இருக்காது. வேலை பெரிதாக இருக்கும்.

இடம் முடிவானால் யாரைக் கேட்பது என்பது சுலபம். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. சிறியது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஏரியைச் சுற்றி மனைப்பிரிவு பெருகுகிறதா, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம் இருக்கிறது. சென்னைப் பக்கமானால் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அந்தக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து 2022இல் 5,904 ஆக விரிந்தது. விரிந்த பகுதியில் எத்தனை ஏரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் படிப்புக்கு எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்று புரியும். கண்மாய்ப் பாசனத்தில் நாட்டமிருந்தால் மதுரையில் தானம் அறக்கட்டளை, நீலகிரி மலை என்றால் கோத்தகிரியில் கீஸ்டோன், கடலோரமும் வேளாண்மையும் என்றால் தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். விண்ணப்பத்தில் சுற்றுச்சூழலின் மேல் எனக்குத் தீராத ஆர்வம் என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எங்கள் ஊர் ஏரி இது, மேல் ஏரியிலிருந்து இதற்கு வருகிற கால்வாய் இந்த இடத்தில் காணாமல் போகிறது, அதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

சேருவதற்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுவிடுவதில் தப்பில்லை. என் வேலையை யார் பார்ப்பார்? வாரத்தில் களத்துக்கு எத்தனை நாள்? போக்குவரத்துச் செலவு கொடுப்பீர்களா? நான் வரைகிற வரைபடத்தில் என் பெயர் வருமா? பெண் பிள்ளைகள் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: களத்துக்குப் போகிற நாளில் கூட யார் வருவார்கள், கழிப்பறைக்கு என்ன வழி? இதைக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். தவறாக நினைக்கிற இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. முழுப் பயிற்சிக் காலத்தையும் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்வதில் கழிக்கவைக்கிற இடங்களும் உண்டு. அங்கே மாட்டிக்கொண்டால் கோபப்படாதீர்கள், கோப்பைப் படியுங்கள். ஒரு மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுத்த கோப்பைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை படித்தவனுக்கு, திட்டமிடல் சட்டம் நடைமுறையில் எப்படி நகர்கிறது என்பதை வகுப்பில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

அலுவலகத்தில் அதிகாரி அறையைச் சுற்றி நிற்காதீர்கள். வரைவாளரைப் பிடியுங்கள், சர்வேயரைப் பிடியுங்கள், ஊரில் கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும் பிடியுங்கள். கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு, அடங்கல் இந்த நான்கையும் படிக்கத் தெரியாமல் தமிழ்நாட்டில் நிலத்தைப் பற்றிப் பேச முடியாது. ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே நஞ்சை என்று இருக்கிறதா, நீர்வழிப் புறம்போக்கு என்று இருக்கிறதா, மேய்க்கால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். பதிவேட்டில் ஓடை, தரையில் கல்யாண மண்டபம். அல்லது தரையில் ஓடை, பதிவேட்டில் பட்டா நிலம். இரண்டும் ஒத்துப்போகாத இடம் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் 2017இல் எழுந்த சண்டையே, கழிமுகத்தைக் காட்டுகிற கடலோர வரைபடம் செல்லுமா, காட்டாத வரைபடம் செல்லுமா என்பதுதான். மீனவர்கள் தண்ணீரில் நின்றுகொண்டு, நாங்கள் நிற்பது தண்ணீர் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த வரைவாளர் சொல்வார்: களத்தில் பென்சில், அலுவலகத்தில் பேனா. மழையில் நனைந்தாலும் பென்சில் எழுத்து கரையாது. இன்றைக்கும் செல்போனை மட்டும் நம்பிக் களத்துக்குப் போகாதீர்கள். மே மாத வெயிலில் திரையும் தெரியாது, பேட்டரியும் நிற்காது. தேதி, நேரம், நின்ற இடம், சொன்னவர் யார், நீங்கள் கண்ணால் பார்த்தது எது, கேட்டு எழுதியது எது எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். கண்டதையும் கேட்டதையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால் பத்து வருடம் கழித்து உங்களுக்கே பிரிக்கத் தெரியாது.

கணினிப் பக்கம் நான் சொல்ல அதிகமில்லை, உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் கிடைக்கின்றன, காசு வேண்டாம். சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை நம் ஏரிக்கு மேலே வந்து போகிறது. நவம்பர் மேகத்தில் அதற்குக் கண் தெரியாது. அப்போது சென்டினல்-1 ரேடார் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது மேகத்தை ஊடுருவித் தண்ணீரைக் காட்டும். டேராடூனில் இருக்கிற இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்பு நடத்துகிறது, சான்றிதழும் தருகிறது. மென்பொருள் கற்றுக்கொள்வதற்காக யாருக்கும் பல ஆயிரம் கட்டணம் கட்டாதீர்கள். மென்பொருள் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். படத்தில் தெரிகிற கறுப்புத் திட்டு ஏரியா, செங்கல் சூளையா என்று போய்ப் பார்த்துச் சொல்கிறவர்கள்தான் குறைவு.

இனி நிகழ்ச்சிகள். கருத்தரங்கு, பயிலரங்கு, மாநாடு, கண்காட்சி என்று வாரம் ஒன்று வருகிறது. இவற்றால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம் நகரத் திட்டமிடல் வரலாற்றில் ஒரு கண்காட்சிக்கு இடமுண்டு. 1914இல் பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பேராசிரியர், தன் நகரத் திட்டமிடல் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவரப் புறப்பட்டார். அவருடைய வரைபடங்களும் படங்களும் வந்த கப்பலை ஜெர்மானியரின் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. அந்த வருடம் செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே எம்டன்தான். வருடக்கணக்கில் சேர்த்தது எல்லாம் கடலுக்குள். நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது. அதோடு அவர் கப்பல் ஏறிப் போயிருந்தால் இன்றைக்கு யாரும் பேச மாட்டோம். மாகாணத்து ஊர்களில் தெருத் தெருவாக நடந்தார். தஞ்சாவூரில், நெரிசலான தெருக்களை இடித்துத் தள்ளி நேர்க்கோட்டில் சாலை போடுவது வேண்டாம், மிகச் சில கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டுக் காலி இடங்களைத் திறந்து, மரம் நட்டாலே தெரு மூச்சுவிடும் என்று எழுதினார். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. நடக்காதவன் போட்ட திட்டத்தை அவர் மதிக்கவே இல்லை. அவர் அறிக்கைகளைத் தேடிப் படியுங்கள்.

இன்றைய மாநாடுகளுக்கு வருவோம். கட்டுரைக்கு இவ்வளவு, சான்றிதழுக்கு இவ்வளவு, வராமலே வாசித்ததாகப் போட இவ்வளவு என்று கட்டணப் பட்டியல் வைத்திருக்கிற மாநாடுகள் பக்கமே போகாதீர்கள். தலைப்பில் சர்வதேசம் இருக்கும், பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கல்லூரியாக இருப்பார்கள். சென்னையில் 1926இல் தொடங்கிய புவியியல் கழகம், இன்றைய இந்தியப் புவியியல் சங்கம், இன்னும் இருக்கிறது; திட்டமிடலுக்கு இந்திய நகரத் திட்டமிடுநர் நிறுவனம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் மாணவர் கட்டணம் குறைவு. போனால் எல்லா அமர்விலும் உட்கார வேண்டாம். உங்கள் ஏரியோடு தொடர்புள்ள ஓர் உரையைத் தேர்ந்தெடுத்து, பேசுகிறவர் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுப் போய், தேநீர் இடைவேளையில் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு பேச்சு அடுத்த இன்டர்ன்ஷிப்பைக் கொண்டுவரும். செல்ஃபி கொண்டுவராது.

ஆனால் நிகழ்ச்சிகளிலேயே மிகப் பெரிய வகுப்பு எது என்று என்னைக் கேட்டால், மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நடத்துகிற பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்பேன். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. குறைந்தது முப்பது நாள் முன்னால் நாளிதழில் விளம்பரம் வரும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் கிடையாது. போவதற்கு முன் சுருக்கத்தைப் படியுங்கள், முடிந்தால் திட்ட இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பிறகு ஓரமாக உட்கார்ந்து எழுதுங்கள். முதல் கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டாம். ஒரு விவசாயி எழுந்து, இந்த அறிக்கையில் எங்கள் ஓடையே இல்லையே என்பார். ஒரு பெண், ஆறு மாதம் நாங்கள் தண்ணீர் எடுக்கிற கிணற்றை நீங்கள் போட்ட படத்தில் காட்டுங்கள் பார்ப்போம் என்பார். வேலை வேண்டும், திட்டம் வரட்டும் என்று பேசுகிறவர்களும் இருப்பார்கள். அதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். வேலையில்லாத ஊரில் அது நியாயமான பேச்சு. வரைபடம் எதற்காக வரைகிறோம், அதில் விட்டுப்போனது யாரைப் பாதிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தருகிற பயிலரங்கை நான் பார்த்ததில்லை.

ஆட்டம்பாட்டத்தோடு கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவை எண்ணுகிறார்கள். ஜனவரியிலிருந்து கோடைத் தொடக்கம்வரை சென்னைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு நேரத்தில் நடக்கிறார்கள், 1988இலிருந்து நடக்கிறார்கள். மணலில் ராத்திரி முழுக்க நடந்து ஒரு முட்டைக்குழிகூடக் கிடைக்காமல் திரும்புகிற பழக்கம் ஆய்வாளனுக்கு மிகவும் தேவை.

களத்தில் நடந்துகொள்வது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊருக்குள் போனதும் டீக்கடையும் ஊராட்சித் தலைவர் வீடும் கிடைக்கும். அங்கே சொல்வது அந்தத் தெருவின் கதை. காலனிக்கும் போங்கள். ஊர்க் கழிவுநீர் எங்கே போய்த் தேங்குகிறது, சுடுகாட்டுப் பாதை எது, ஏரி மீன் ஏலம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது அங்கே கேட்டால்தான் தெரியும். தண்ணீரைப் பற்றி ஆண்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள், குடம் தூக்குகிறவர்களிடம் கேளுங்கள். ஏரி மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டியின் குடும்பம் இன்னும் ஊரில் இருந்தால் அவர்களை அக்கறையோடு தேடிப் பிடியுங்கள்; மதகின் பழைய கணக்கு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆக்கிரமிப்பு என்று குறிக்கும்போது, இரண்டு சென்ட் குடிசையையும் இருபது ஏக்கர் கல்லூரி வளாகத்தையும் ஒரே நிறத்தில் போடாதீர்கள்.

எழுதி முடித்ததை ஊருக்குக் கொடுக்க வேண்டும். இது எத்தனையோ ஆய்வாளர்கள் செய்யாதது. கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை என்று கிராமத்தில் சொல்லாத ஆளில்லை. வரைபடத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், தெருப் பெயர்களோடு அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் கொடுங்கள். தப்பு இருந்தால் ஊர்க்காரர்களே திருத்துவார்கள். அந்தத் திருத்தம் உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் போடுகிற மதிப்பெண்ணைவிட முக்கியம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பதினெட்டு வயது முடிந்து அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். பெயர் இல்லையென்றால் முதலில் சேருங்கள். மே மாதம் பயிற்சியில் தொடங்குகிற வரைபடத்தை அக்டோபருக்குள் முடித்து, நவம்பர் 1 கிராம சபைக்குக் கொண்டுபோய், மேல் ஏரியிலிருந்து வருகிற கால்வாயைத் தூர்வார வேண்டிய இடம் இது என்று விரல் வைத்துக் காட்டித் தீர்மானம் கேளுங்கள். அடுத்த மார்ச்சில் எனக்குப் போன் செய்யும்போது, தீர்மானம் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.